பிரான்ஸிலிருந்து வந்த கலங்கல் வைன்: பழுதாகிவிட்டதா, இப்படித்தான் இருக்குமா?

பரந்தன்சந்தி எழுதியது:

வணக்கம் எல்லாருக்கும். வைன் பற்றித் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்களோ தெரியாது, கேட்டுப் பார்ப்போம் என்று எழுதுகிறேன். வற்றாப்பளைப் பொங்கலுக்கு பிரான்ஸிலிருந்து வந்த சித்தப்பா பெட்டிக்குள் உடுப்பு சுற்றி இரண்டு போத்தல் சிவப்பு வைன் கொண்டுவந்தார். கடையில் வாங்கியது இல்லையாம். லியோனுக்கு வடக்கே பொஜொலே என்ற பகுதியில், புருசனும் பெண்சாதியுமாக நாலு ஹெக்டேயர் முந்திரிகை (திராட்சை) தோட்டம் வைத்து, தாங்களே பிழிந்து தாங்களே போத்தலில் அடைக்கிற ஒரு வீட்டில் நேரே போய் வாங்கினாராம். "ஒன்றுமே கலக்காத வைன், தோட்டத்துக்கும் மருந்தில்லை, வைனுக்கும் மருந்தில்லை" என்று நின்ற நாள் முழுக்க ஒரே புகழ்தான்.

அவர் திரும்பிப் போன பிறகு ஒன்றைத் திறந்தோம். தக்கையை இழுக்கும்போது சின்னதாக ஒரு சத்தம். ஊற்றினால் மெல்லிய நுரை. நிறம் தெளிவாக இல்லை, கலங்கல், அடியில் மண்டி வேறு. முதலில் மாட்டுக்கொட்டில் போல ஒரு மணம், கொஞ்ச நேரம் போக அது குறைந்து பழவாசம் வந்தது. அப்பா ஒரு மிடறு குடித்துவிட்டு "இதைவிடத் தவறணைக் கள்ளு திறம்" என்று எழும்பிப் போய்விட்டார். எங்கள் வீடு தகரக் கூரை, பகலில் உள்ளே இருக்க ஏலாது, அந்த வெக்கையில் போத்தல் இரண்டும் அலுமாரிக்குள்தான் கிடந்தன.

இது பழுதாகிவிட்டதா? ஒன்றுமே கலக்கவில்லை என்பது உண்மையாக இருக்குமா, அல்லது வியாபாரக் கதையா? லேபிளில் ஊர்ப் பெயர் கூட இல்லை, "வன் து பிரான்ஸ்" (பிரான்ஸ் வைன்) என்று மட்டும்தான் இருக்கிறது. சித்தப்பா சொல்கிற விலையோ இருபது யூரோவுக்கு மேல். சுப்பர்மார்க்கெட்டில் நாலு யூரோவுக்கும் வைன் இருக்குத்தானே? மற்றப் போத்தலைத் திறப்பதா விடுவதா என்றும் சொல்லுங்கள்.

மல்லாவிரோட்:

பழுதென்றால் வினாகிரி மணக்கும். மணக்கவில்லை என்றால் குடியுங்கள். வேண்டாம் என்றால் விலாசம் அனுப்புகிறேன்.

முள்ளியவளையான் (லியோன்):

தம்பி, நீங்கள் சொன்ன நுரை, கலங்கல், மண்டி மூன்றுமே பழுதுக்கு அடையாளம் இல்லை. நான் முள்ளியவளை, இப்போது லியோனில் இருக்கிறேன், ரெஸ்ரோறன்ட் வேலை. செப்ரெம்பரில் லீவு கிடைத்தால் பழம் ஆயப் போகிறவன். நான் போகிற இடமும் உங்கள் சித்தப்பா போன இடம் மாதிரித்தான், சின்னக் குடும்பம். அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நுரை. நொதிக்கும்போது வருகிற காபனீரொட்சைட்டில் கொஞ்சத்தை வேண்டுமென்றே வைனுக்குள் விட்டுவைப்பார்கள். கந்தகம் (வைன் பழுதாகாமல் இருக்கப் போடுகிற மருந்து) போடாத வைனைக் காற்றிலிருந்து காப்பாற்ற அவர்களிடம் இருக்கிற காவல்களில் அதுவும் ஒன்று. ஒரு ஜக்கில் ஊற்றி நன்றாகக் கலக்கிவிட்டால் போய்விடும். கலங்கலும் மண்டியும் வடிக்காததால் வருவது, நொதிக்க வைக்கிற மதுவமும் (ஈஸ்ற்) பழச்சக்கையும்தான், உடம்புக்கு ஒன்றும் செய்யாது. மாட்டுக்கொட்டில் மணம் காற்றுப் பட்டுக் குறைந்தது என்றால் அது மூடிக் கிடந்த மணம். குறையாமல் நின்றிருந்தால் பிரெற்றனோமைசிஸ் என்கிற ஒரு வேண்டாத மதுவத்தின் வேலை என்று சந்தேகப்படலாம்.

இந்த வகை வைனில் உண்மையான பழுது வேறு ஒன்று இருக்கிறது. அதை மூக்கில் பிடிக்க முடியாது. விழுங்கி ஒரு பத்து இருபது செக்கன் போன பிறகு தொண்டையில் எலிப்பொந்து மணம் எழும்பும். வைனின் புளிப்பை எச்சில் குறைத்த பிறகுதான் அந்தச் சரக்கு ஆவியாகி மேலே வருகிறது, அதனால்தான் அந்தத் தாமதம். சிலருக்கு அது தெரியவே தெரியாது, சிலருக்கு அரை மணித்தியாலத்துக்கு வாயை விட்டுப் போகாது. அப்பா எழும்பிப் போனது அதனாலா என்று ஒருக்கால் கேட்டுப் பாருங்கள்.

இனி ஒன்றும் கலக்காத கதை. இதைப் பெரிதாகத் தொடக்கி வைத்தவர் ஜூல் ஷோவே என்ற ஒரு வைன் வியாபாரி. 1907 இல் பிறந்து 1989 இல் இறந்தவர், இரசாயனமும் நன்றாகத் தெரிந்தவர். அவருடைய ஊர் லா ஷப்பல் து கன்ஷே, பாரிஸில் எங்கள் ஆட்கள் கடை வைத்திருக்கிற லாச்சப்பல் இல்லை! கந்தகமும் வாங்கின மதுவமும் இல்லாமல் வைன் செய்யலாம் என்று அவர் நுணுக்குக்காட்டியை வைத்துக்கொண்டு பரிசோதித்துக் காட்டினார். அவரிடம் போய்ப் படித்தவர்தான் வில்லியே மொர்கோன் கிராமத்து மார்செல் லப்பியேர். 1973 இல் தகப்பனுடைய தோட்டத்தைப் பொறுப்பெடுத்தவர், எண்பதுகளில் இந்த வழிக்கு மாறினார். ஜோன் ஃபுவாயார், கீ பிரெத்தோன், ஜோன் போல் தெவெனே என்று பக்கத்துத் தோட்டக்காரர் மூவரும் சேர்ந்தார்கள். லப்பியேர் 2010 இல் போய்விட்டார், இப்போது பிள்ளைகள் மத்தியூவும் கமியும் செய்கிறார்கள்.

வேலை எப்படி என்றால், கொத்துக் கொத்தாகக் கையால் வெட்ட வேண்டும், மெசின் கூடாது. பழத்தை நசுக்காமல் முழுக் கொத்தாகவே தொட்டிக்குள் போட்டு மூடுவார்கள். உள்ளே காபனீரொட்சைட்டு நிரம்பியதும் ஒவ்வொரு பழமும் தோலுக்கு உள்ளேயே நொதிக்கத் தொடங்கும். கமே என்கிற அந்த ஊர்ப் பழத்துக்கு இந்த முறை நன்றாகப் பொருந்தும், வைனில் பழவாசம் தூக்கலாக நிற்பது அதனால்தான். மதுவம் தனியாகப் போடுவதில்லை. பழத்தின் தோலிலும் அந்தக் கட்டடத்திலும் இருக்கிறதே போதும்.

கேட்க சோம்பேறி வேலை போல இருக்கும். ஆனால் நான் வேலை செய்த வேறு தோட்டங்களைவிட இங்கேதான் முதுகு முறிந்தது. பெரிய தோட்டத்தில் ஒரு கூடை அழுகல் சேர்ந்து போனாலும் கந்தகத்தைக் கொஞ்சம் கூட்டிப் போட்டுச் சமாளிப்பார்கள். இங்கே சமாளிக்க மருந்தில்லை, எனவே வெட்டும்போதே ஒவ்வொரு கொத்தையும் திருப்பிப் பார்த்து அழுகினதைக் கிள்ளி எறிய வேண்டும். பின்னேரம் எல்லாரும் போன பிறகு கூடை, வாளி, குழாய், தொட்டி எல்லாம் சுடுதண்ணீரில் கழுவு, திரும்பவும் கழுவு. வீட்டுக்கார அம்மா தொட்டியில் துளி எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட வருவார். புளிக்கவைக்கிற பற்றீரியா தலைகாட்டினால் அவருடைய முகத்திலேயே தெரியும், அன்றைக்கு மேசையில் ஒருவரும் கதைக்க மாட்டோம்.

விலைக்கு வருகிறேன். ஹெக்டேயர் ஒன்று கிட்டத்தட்ட இரண்டரை ஏக்கர். களைநாசினி இல்லை, செயற்கைப் பசளை இல்லை, பழைய கொடிகள். அப்படி ஒரு ஹெக்டேயரில் 30 ஹெக்டோலீற்றர் (3000 லீற்றர்) எடுத்தால் அது 4000 போத்தல். நாலு ஹெக்டேயர் என்றால் 16,000. அதில் ஆள் கூலி, போத்தல், தக்கை, வங்கிக் கடன், இடையில் ஒரு ஏப்ரல் மாதப் பனி. 2021 ஏப்ரலில் பனி விழுந்து துளிரெல்லாம் கருகி, நாட்டின் பல பகுதிகளில் அந்த வருடம் விளைச்சல் படுத்துவிட்டது. இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் இருபது யூரோ அநியாயம் இல்லை. (பாரிஸ் ரெஸ்ரோறன்டில் அதே போத்தலுக்கு மும்மடங்கு போடுகிறார்களே, அது அநியாயம்.)

லேபிளில் ஊர்ப் பெயர் இல்லாததற்கும் காரணம் உண்டு. மொர்கோன், ஃப்ளூரி என்று ஊர்ப் பெயர் போட வேண்டுமென்றால் ருசி பார்க்கிற குழு ஒன்று சம்மதிக்க வேண்டும். கலங்கலாக இருக்கிறது, இந்த ஊர் வைன் மாதிரி இல்லை என்று குழு தள்ளிவிட்டால் ஊர்ப் பெயர் போட முடியாது. அப்படித் தள்ளுப்பட்டவர்களும், அந்தத் தலையிடியே வேண்டாம் என்று விட்டவர்களும்தான் "வன் து பிரான்ஸ்" என்று போடுகிறார்கள். மலிவு வைனுக்கும் அதே பெயர்தான், அதனால் லேபிளைப் பார்த்துத் தரம் சொல்ல ஏலாது, செய்தவர் யார் என்றுதான் பார்க்க வேண்டும்.

துணுக்காய்க்காரன்:

அண்ணை எழுதியதை முழுக்க வாசித்தேன். நான் கூட்டுறவுச் சங்கத்தில் கள்ளுச் சேகரிப்போடு கன காலம் நின்றவன், எனக்கு இதில் புதுமையாக ஒன்றும் தெரியவில்லை. பனங்கள்ளுக்கு யார் மதுவம் வாங்கிப் போட்டது? பாளையில் சொட்டும்போதே முட்டிக்குள் நொதிக்கத் தொடங்குகிறது. காலையில் இறக்கினது இனிப்பு, பின்னேரம் வெறி, அடுத்த நாள் புளிப்பு, விட்டால் வினாகிரி. நொதிக்க வேண்டாம் என்றால் முட்டிக்குள் சுண்ணாம்பு பூசுவோம், அது கருப்பணி. போத்தலில் அடைக்க வேண்டுமென்றால் சூடாக்கி நொதிப்பை நிற்பாட்ட வேண்டும், ருசியும் அதோடு போய்விடும். பிரான்ஸ்காரர் சூடாக்கவும் மாட்டார், கந்தகமும் போட மாட்டார், ஆனால் வருடக்கணக்கில் வைத்திருக்கிறார். அதுதான் எனக்கு வியப்பு. கள்ளைவிட வைனில் வெறியும் புளிப்பும் கூட என்பதால் தாக்குப் பிடிக்கிறது போல.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மாசியிலிருந்து ஆடி வரை ஒரு நாளில் இரண்டு தரம் மரம் ஏறுகிறவன், முட்டி கழுவாமல் கட்டினால் அன்றைய கள்ளே போச்சு என்று தெரிந்தவன், எந்த மரத்துக் கள்ளு எப்படி இருக்கும் என்று நாக்கு நுனியில் வைத்திருக்கிறவன், அவனுக்கு இந்த ஊரில் என்ன மரியாதை? அவனுடைய பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்? சித்தப்பா அந்த வைன்காரரோடு நின்று படம் எடுத்திருப்பார், கட்டாயம் எடுத்திருப்பார். இங்கே வந்து பொங்கலுக்கு நின்ற நாட்களில் சீவல்காரர் ஒருவரோடு நின்று படம் எடுத்தாரா? கோபத்தில் சொல்லவில்லை, கேட்கிறேன்.

பரந்தன்சந்தி:

எடுத்தார், வைன்காரரோடுதான். முகப்புத்தகத்தில் இன்னும் கிடக்கிறது.

வவுனியா_இரசாயனம்:

உயர்தர இரசாயனம் படிப்பிக்கிறேன். முள்ளியவளையான் சொன்னதில் பெரும்பகுதி சரி, ஆனால் "ஒன்றுமே இல்லை" என்று சித்தப்பா சொன்னதைக் கொஞ்சம் திருத்த வேண்டும். நொதிக்கும்போது மதுவமே சிறிதளவு கந்தகவீரொட்சைட்டை (இங்கே எல்லாரும் கந்தகம் என்று சொல்வது இதைத்தான்) உண்டாக்கும். எனவே போடாத வைனிலும் கொஞ்சம் இருக்கும். லீற்றருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் ஐரோப்பாவில் லேபிளில் சல்பைற்று உண்டு என்று எழுதியே ஆக வேண்டும். உலர் (இனிப்பில்லாத) சிவப்பு வைனுக்கு அங்கே உச்ச எல்லை 150, வெள்ளைக்கு 200, சேதன (ஓகானிக்) வைன் என்றால் சிவப்புக்கு 100, வெள்ளைக்கு 150. 2020 இலிருந்து பிரான்ஸில் "வன் மெதோட் நத்யூர்" (இயற்கை முறை வைன்) என்று ஒரு முத்திரை இருக்கிறது. சேதனப் பழம், கைவெட்டு, பழத்தோடு வந்த மதுவம், வேறு சேர்மானம் இல்லை, கந்தகம் கடைசியில் போட்டாலும் 30 இற்குள். போடவே இல்லை என்றால் அதற்கு வேறு முத்திரை. அந்த முத்திரை இருந்தால் கதை இல்லை, ஆவணம்.

கந்தகத்தை ஏதோ நஞ்சு மாதிரிப் பேசுவதையும் விட வேண்டும். ஆஸ்துமாக்காரர் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, அது உண்மை. ஆனால் வைன் குடித்தால் தலையிடிக்கிறது, கந்தகம்தான் காரணம் என்கிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். உலர்ந்த அப்றிக்கொற் பழத்தில் கிலோவுக்கு 2000 மில்லிகிராம் வரை அனுமதி இருக்கிறது, அதைச் சாப்பிட்டுவிட்டு யாரும் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்ததில்லை. தலையிடிக்கு முதல் சந்தேகநபர் அற்ககோல்தான். கந்தகத்தைவிட நமது ஆட்கள் கவனிக்க வேண்டியது வேறு: வைனைத் தெளிவாக்க முட்டை வெள்ளைக்கரு, பாற்புரதம், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கிற பசை எல்லாம் பாவிப்பதுண்டு. சைவக்காரர் வைனில் என்ன இருக்கப் போகிறது என்று குடிக்கிறார்கள். தெளிய வைக்காத, வடிக்காத உங்கள் கலங்கல் வைனில் அது இல்லை. 2023 டிசெம்பர் 8 இற்குப் பிறகு செய்யப்படுகிற வைனுக்குச் சேர்மானப் பட்டியல் கொடுக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் வைத்திருக்கிறது, பெரும்பாலும் லேபிளில் ஒரு சதுரக் குறியீடு இருக்கும், போனில் பிடித்தால் வரும்.

தோட்டத்துக்கும் மருந்தில்லை என்றது அதைவிடப் பெரிய கதை. சேதன முந்திரிகைக்கும் செப்புச் சல்பேற்று அடிப்பார்கள், பூஞ்சணத்துக்கு. எங்கள் விவசாயிகள் வெற்றிலைக்கும் முந்திரிகைக்கும் அடிக்கிற போர்டோக் கலவை அந்த நாட்டு போர்டோவிலிருந்து வந்ததுதான், 1880களில் மில்லார்தே என்ற விஞ்ஞானி வெளியிட்டது, நீலத்துத்தமும் சுண்ணாம்பும். செம்பு மண்ணை விட்டுப் போகாது. அதனால்தான் ஐரோப்பாவில் ஏழு வருடத்துக்கு ஹெக்டேயருக்கு 28 கிலோவுக்கு மேல் கூடாது என்று கட்டுப்பாடு.

இதைச் சொல்லும்போது 2021 ஞாபகம் வருகிறது. இங்கே ஒரே உத்தரவில் இரசாயனப் பசளையை நிற்பாட்டினார்கள், அந்தப் பெரும்போகத்தில் வன்னி வயலில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, நவம்பரில் தடையை எடுத்தார்கள். அங்கே ஒரு முந்திரிகைத் தோட்டத்தைச் சேதன முறைக்கு மாற்ற மூன்று வருடம். அதுவும் விரும்பினவர் மட்டும், வாங்க ஆள் இருக்கிறது என்று பார்த்துவிட்டு. அந்த நாலு ஹெக்டேயர்க்காரரை நான் மதிக்கிறேன், ஆனால் அவருடைய முறையைக் கொண்டுவந்து இங்கே எல்லாருக்கும் பாடம் எடுக்கிற சித்தப்பாமாரை மதிக்க மாட்டேன்.

மற்றப் போத்தல் பற்றி: உடனே பிரிட்ஜுக்குள் வையுங்கள். வைனில் மதுவம் உயிரோடு இருக்கிறது, சீனி கொஞ்சம் மிச்சம் இருந்தால் சூட்டில் திரும்ப நொதிக்கும். லீற்றருக்கு 4 கிராம் சீனி நொதித்தால் போத்தலுக்குள் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அமுக்கம் கூடும். சாதாரண வைன் போத்தல் அதற்காகச் செய்ததில்லை. வெடிக்காவிட்டாலும் தக்கை கிளம்பும்.

முள்ளியவளையான் (லியோன்):

சேர் சொன்னது சரி. இங்கே பல பேர் லேபிளிலேயே 14, 15 பாகைக்கு மேல் வைக்காதீர்கள் என்று எழுதுகிறார்கள். உங்கள் தகரக் கூரைக்குள் அதைவிட இருபது பாகை கூட இருக்கும். லப்பியேர் வீட்டில் ஒரே வைனையே இரண்டாகப் பிரித்து, கந்தகம் இல்லாததுக்கு "என்", சிறிதளவு போட்டதுக்கு "எஸ்" என்று அடையாளம் வைக்கிறார்கள். தூரத்துக்கு அனுப்ப எஸ்தான் பயமில்லாதது. இந்த வழியைத் தொடக்கினவர்களே இதில் பிடிவாதம் பிடிக்கவில்லை, பார்த்தீர்களா?

மடுவீதி:

மன்னார் பக்கமிருந்து ஒரு இடைச்செருகல். பூசைக்குப் பாவிக்கிற வைன் பற்றித் திருச்சபைச் சட்டம் 924 இல் இருக்கிறது, முந்திரிகைப் பழத்தின் இயற்கையான வைனாக இருக்க வேண்டும், பழுதாகியிருக்கக் கூடாது. யாழ்ப்பாணத்தில் தோலகட்டி ஆச்சிரமத்துத் துறவிகள் வைன் செய்கிறார்கள், அவர்களுடைய நெல்லிரசம் தெரியாதவர் இருக்க முடியாது. அப்படியென்றால் இங்கே கிளிநொச்சியிலோ முருங்கனிலோ முந்திரிகை நட்டு, பிரான்ஸ்காரர் மாதிரி ஒன்றும் போடாமல் செய்ய ஏலாதா? யாழ்ப்பாணத்து இஸ்ரேல் புளூ நன்றாகத்தானே காய்க்கிறது.

வவுனியா_இரசாயனம்:

காய்க்கும். வைன் ஆவதுதான் கஷ்டம். பிரான்ஸில் கொடி பனிக்காலம் முழுக்க உறங்கி, வருடத்துக்கு ஒரு தரம் காய்க்கும். இங்கே உறக்கமே இல்லை, நாங்கள் கவ்வாத்துப் பண்ணி வருடத்தில் இரண்டு தரம் காய்க்க வைக்கிறோம். இரவிலும் 25 பாகை என்றால் பழத்தில் இருக்கிற மாலிக் அமிலத்தைக் கொடியே சுவாசித்துத் தீர்த்துவிடும், புளிப்புக் குறையும், அதாவது பி.எச் ஏறும். பி.எச் ஏறினால் பற்றீரியாவுக்குக் கொண்டாட்டம், கந்தகம் போட்டாலும் அது குறைவாகத்தான் வேலை செய்யும். அதாவது கந்தகம் இல்லாமல் செய்ய மிகவும் பொருத்தமில்லாத இடம் எதுவோ அதுதான் வன்னி. குளிரூட்டின அறையும் புளிப்பைக் கூட்ட ராட்டாரிக் அமிலமும் இருந்தால் ஏதோ செய்யலாம், அப்போது "ஒன்றும் போடாத" என்ற பேச்சு இல்லை. இன்னொன்று, 1912 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அனுமதி இல்லாமல் வீட்டில் நொதிக்க வைத்து மாட்டினால் கசிப்புக் கேஸ்காரரோடு சேர்ந்துதான் நீதிமன்றத்தில் நிற்பீர்கள்.

துணுக்காய்க்காரன்:

இந்த வெக்கைக்கும் இந்த மண்ணுக்கும் ஏற்றதை ஏற்கனவே பனை தருகிறது. அதை நல்லபடி குளிரில் கொண்டுபோய் அடுத்த ஊரில் அன்றைக்கே கொடுக்க ஒரு வண்டி கேட்டு எத்தனை கடிதம் எழுதினோம். முந்திரிகையை விடுங்கள்.

பரந்தன்சந்தி:

எல்லாருக்கும் நன்றி. அப்பாவிடம் கேட்டேன், எலி மணம் ஒன்றும் இல்லையாம், புளிப்புத்தான் பிடிக்கவில்லையாம். மற்றப் போத்தல் பிரிட்ஜில் மீன் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறது, அம்மா தினமும் முறைக்கிறா. லேபிளின் பின்பக்கம் சேர் சொன்ன சதுரக் குறியீடு இருக்கிறது, பிடித்தால் முந்திரிகை என்று மட்டும் வருகிறது, வேறு ஒன்றும் இல்லை. திறந்தால் எத்தனை நாளுக்குள் முடிக்க வேண்டும்?

முள்ளியவளையான் (லியோன்):

இரண்டு நாள், பிரிட்ஜில் வைத்து. மூன்றாம் நாளும் நன்றாக நிற்கிற போத்தல்கள் உண்டு, ஆனால் சூட்டில் கிடந்த போத்தலை நம்ப வேண்டாம். குடிக்கும் வரை போத்தலை நிமிர்த்தியே வைத்து, மண்டி அடியில் தங்கினதும் மெதுவாக ஜக்கில் ஊற்றுங்கள், கடைசி இரண்டு விரல் அளவு போத்தலிலேயே நிற்கட்டும். குளிராகவே குடியுங்கள். சிவப்பு வைனைக் குளிராகக் குடிக்கக் கூடாது என்று யாராவது சொன்னால் பொஜொலேயில் அப்படித்தான் குடிக்கிறார்கள் என்று சொல்லுங்கள். பொரித்த மீனோடு நன்றாக இருக்கும், மிளகாய்த் தூள் கூடின கறியோடு வேண்டாம்.